பாதை போட்டவன்

உக்காருங்க தம்பி. ஜன்னல் சீட்டு வேணும்னா எடுத்துக்கங்க, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். பையை மேல வச்சிருங்க. மடியில வச்சுக்கிட்டே கம்பம் வரைக்கும் போனீங்கன்னா இறங்கும்போது முட்டி மடங்காது.

கம்பம்தானே? எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? ஷூவைப் பாத்தா தெரியாதா? முப்பத்தோரு வருஷம் பி.டி. மாஸ்டர் நான். ஆளை எடை போடணும்னா காலைத்தான் பாப்பேன், முகத்தைப் பாக்க மாட்டேன். புது ஷூ, தொப்பி, தண்ணி பாட்டில் ரெண்டு. திராட்சைத் தோட்டப் பாதைக்குத்தான் போறீங்க. முல்லைப் பெரியாத்தை ஒட்டியே நடந்து, வாய்க்கால் கரை ஏறி, திராட்சைப் பந்தலுக்குள்ள பூந்து, கடைசியில மலையடிவாரத்துல ஒயின் ஆலை. மூணு நாள். சரிதானா?

நெட்டுல பாத்தீங்களா? பாதை போட்டது யாருன்னு எழுதியிருக்கா? காட்டுங்க. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். 'காலடி நண்பர்கள் குழு, மதுரை. ஒருங்கிணைப்பாளர் நாகரத்தினம்.' பாத்தீங்களா. பாத்தீங்களா தம்பி. நாகரத்தினமாம்.

அந்தப் பாதையைப் போட்டவன் நான். என் பேரு சௌந்தரபாண்டியன். ரிட்டயர் ஆன வருஷம், தன்னந்தனியா, ஆறு தடவை கம்பத்துக்கு வந்து நடந்து நடந்து அளந்தேன். எந்தத் தோட்டக்காரன் உள்ள விடுவான், எவன் நாயை அவுத்து விடுவான், எங்க வாய்க்காலைத் தாண்டலாம், எல்லாம் நான் பாத்தது. கல்லுல சுண்ணாம்புல அம்புக்குறி போட்டது இந்தக் கை. நாகரத்தினம் பேங்க்ல ஏ.சி. ரூம்ல இருந்தவன். முத நாள் நடைக்குச் செருப்போட வந்தான். திருப்பி அனுப்புனேன். இன்னைக்கு அவன் ஒருங்கிணைப்பாளர்.

என்னைக் குழுவை விட்டு எடுத்துட்டாங்க தம்பி. நான் ஆரம்பிச்ச குழு. இருபத்திரெண்டு பேரையும் நான் சேத்தது. ஒருநாள் காலையில போனை எடுத்துப் பாக்குறேன், வாட்ஸப்ல என் பேரு இல்லை. ஒரு வார்த்தை கேக்கலை. ஒரு விசாரணை இல்லை. ஸ்கூல்ல ஒரு பையனை வெளிய அனுப்பணும்னாக்கூட அப்பாவைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவோம்.

எதுக்குன்னு கேளுங்க. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க நியாயமான்னு. உசிலம்பட்டி தாண்டுறதுக்குள்ள சொல்லிடுறேன்.

எனக்கு ஒரு மச்சினன். என் சம்சாரம் லீலாவதிக்குத் தம்பி, பேரு தெய்வேந்திரன். அம்மா அப்பா இல்லை. எங்க கல்யாணம் ஆன கொஞ்ச நாள்லயே எங்க வீட்டுக்கு வந்துட்டான். மொட்டை மாடியில ஒரு ரூம், ஆஸ்பெஸ்டாஸ் போட்டது, அதுல இருபத்தாறு வருஷம் இருந்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல பிழை திருத்துற வேலை. நாள் முழுக்க உக்காந்தே இருக்கிற வேலை. உடம்பு எப்படி இருக்கும்? மாவு மூட்டை மாதிரி. மாடிப்படி பதினெட்டு. பதினெட்டு ஏறுறதுக்குள்ள ரெண்டு இடத்துல நிப்பான். நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நிப்பான். "என்னடா, இமயமலையா ஏறுற?"ன்னு கீழ இருந்து கேப்பேன். சிரிப்பான். என்ன சொன்னாலும் சிரிக்கிற ஆள். எனக்கு அதுதான் பிடிக்காது. திட்டுனா கோவம் வரணும், அப்பத்தான் ஆம்பளை.

கெட்டவன்னு சொல்ல மாட்டேன். ரேஷனுக்குப் போவான், மோட்டார் போடுவான், என் பிரஷர் மாத்திரை தீர்றதுக்கு முன்னாடி வாங்கி வச்சிருவான். எங்கம்மா ரெண்டரை வருஷம் படுக்கையில கெடந்தா. அவன்தான் பாத்துக்கிட்டான். குளிப்பாட்டுறது, துடைக்கிறது எல்லாம். எனக்கு ஸ்கூல் இருந்துச்சுல்ல, விளையாட்டு விழா வேற. அம்மா சாகும்போது என் பேரைச் சொல்லாம "தெய்வு"ன்னு கூப்பிட்டா. வயசானா புத்தி தடுமாறிப்போகும்.

இந்த ஆளை நான்தான் குழுவுல சேத்தேன். லீலாவதி கெஞ்சினா, "உடம்பு இளைக்கட்டுங்க, கூட்டிட்டுப் போங்க"ன்னா. சேத்தேன். எல்லாருக்கும் பின்னாடி ஒரு பர்லாங் தள்ளி வருவான். எல்லார் பையையும் தூக்கிக்கிட்டு வருவான். நானா தூக்கச் சொன்னேன்? அவனாத்தான் வாங்குவான். குழுவுல அவனுக்கு ஒரு பேரு, 'லக்கேஜு'. நான் வச்ச பேருதான். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. இன்னைக்கு எனக்குப் புத்தி சொல்றானே நாகரத்தினம், அவன்தான் நிறைய கூப்பிட்டது.

அந்தக் குழுவுல ஹேமலதான்னு ஒரு அம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து ரிட்டயர் ஆனவங்க. வீட்டுக்காரர் தவறி ஏழெட்டு வருஷம். நல்லா நடப்பாங்க, முன்வரிசை ஆளு. ஆனா மூணாவது மாசம் பாக்குறேன், முன்வரிசையைக் காணோம், பின்னாடி வர்றாங்க. தெய்வேந்திரன்கூட. என்ன பேசுவாங்களோ, ரெண்டும் சிரிச்சுக்கிட்டே வரும். ஒருநாள் பக்கத்துல போய்க் கேட்டேன். பத்திரிகையில வந்த பிழையைச் சொல்றான். 'திருமணம்'னு போடுறதுக்குப் பதிலா 'திருமரணம்'னு போட்டுட்டாங்களாம், கடைசி நிமிஷத்துல இவன் புடிச்சானாம். அதுக்கு அந்தம்மா நின்னு, வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. இதுல என்ன இருக்கு சிரிக்க?

மாசி மாசம் ஒரு நாள் சாப்பிடும்போது லீலாவதி சொன்னா. முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி ஒண்ணு கேக்கச் சொன்னான். ஹேமலதாவுக்குச் சம்மதமாம். நீங்க ஒரு வார்த்தை பேசணும்னு ஆசைப்படுறான்." தட்டைத் தள்ளி வச்சுட்டேன். அம்பத்து நாலு வயசு. என்ன கல்யாணம்? கல்யாணம் பண்ணா அந்தம்மா வீட்டுக்குப் போயிருவான். இங்க யார் இருக்கா? எங்களுக்கும் வயசாகுது, புள்ளையும் இல்லை. இருபத்தாறு வருஷம் நிழல் குடுத்த வீடு. அதெல்லாம் யோசிக்க வேணாமா ஒரு மனுஷன்?

ஆனா நான் வேணாம்னு சொல்லலை. அதை நல்லாக் குறிச்சுக்கங்க தம்பி. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. அவனை மாடியில இருந்து கூப்பிட்டேன். வந்தான், ரெண்டு தடவை நின்னு நின்னு இறங்கி வந்தான். சொன்னேன்: "மாப்ள, பங்குனியில திராட்சை நடை வருது. மூணு நாள். ஒரு இடத்துல உக்காராம நடந்து முடி. முடிச்சுக் காட்டு. நானே முன்ன நின்னு பேசி முடிச்சு வைக்கிறேன். ஒரு குடும்பத்தைத் தாங்குற தெம்பு இருக்கான்னு பாக்கணும்ல?"

"உக்காரவே கூடாதா மச்சான்?"ன்னான்.

"உக்காரவே கூடாது."

"சரி மச்சான்"னு சிரிச்சான். அவ்வளவுதான். ரெண்டு பேரும் சேந்து பேசுன பேச்சு. கட்டாயம் ஏதாவது இருக்கா இதுல?

அடுத்த நாள்ல இருந்து காலையில எந்திரிச்சு மொட்டை மாடியில நடக்க ஆரம்பிச்சான். லீலாவதி அவனுக்குக் கேழ்வரகுக் கஞ்சி போட்டுக் குடுத்தா. எனக்கு அந்தக் கஞ்சி ஒரு நாள் குடுத்ததில்லை.

பங்குனிக் கடைசி. வெயில் அடிக்கத்தான் செய்யும். வெயில்ல நடந்தாத்தான் நடை. முத நாள் உத்தமபாளையத்துல இருந்து ஆத்தோரமா நடந்தோம். தென்னந்தோப்பு நிழல் இருக்கும், சமாளிச்சுட்டான். உக்காரலை, உண்மையைச் சொல்லணும். சாப்பாட்டையே நின்னுக்கிட்டுத்தான் சாப்பிட்டான். ஹேமலதாம்மா, "ஏன் தெய்வு, உக்காந்து சாப்பிடுங்க"ன்னாங்க. "இல்லைங்க, நிக்கத்தான் நல்லாருக்கு"ன்னான். பந்தயத்தை அவங்ககிட்ட சொல்லலை. வெக்கம்.

ரெண்டாம் நாள் பதினாலு கிலோமீட்டர். கம்பத்துல இருந்து சுருளிப்பட்டிப் பக்கம் போய், பூராவும் திராட்சைத் தோட்டம். நீங்களே போய்ப் பாப்பீங்க. கல்தூணு நட்டு, மேல கம்பி இழுத்து, கொடி படர விட்டிருப்பான். உள்ள போனா குனிஞ்சுதான் நடக்கணும், தலைக்கு மேல பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாத் தொங்கும். கை வைக்கக் கூடாது. அது என் விதி. நடக்கும்போது தண்ணி குடிக்கிறது நான் சொல்ற இடத்துலதான், அதுவும் என் விதி. கண்ட இடத்துல குடிச்சா வயித்துல தங்கி நடை கெட்டுப்போகும். அன்னைக்குக் காலையில ஹேமலதாம்மாவை முன்வரிசைக்கு அனுப்பிட்டேன். "நீங்க வேகமா நடக்கிறவங்க, முன்னாடி போய் மத்தவங்களை இழுங்க"ன்னேன். குழு நன்மைக்குத்தான். போறப்ப திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாங்க.

பதினோரு மணி இருக்கும். வரிசையைப் பாக்குறேன், லக்கேஜைக் காணோம். திரும்பிப் போனேன். நாகரத்தினமும் ஏழெட்டுப் பேரும் கூட வந்தாங்க. போய்ப் பாத்தா, ஒரு பந்தலுக்கு அடியில கல்தூணுல சாஞ்சு உக்காந்திருக்கான். ரெண்டு தோள்லயும் பை. பக்கத்துல தோட்டத்துல பழம் வெட்டுற பொம்பளை, வீராயின்னு பேரு, சொம்புல தண்ணியோட குனிஞ்சு நிக்கிறா. விசில் எடுத்து ஊதுனேன். என் விசில் சத்தத்துக்கு ஆயிரம் பையன் நின்னிருக்கான். இவன் நிமிந்து பாத்தான். முகமெல்லாம் வேர்வை, வெளுத்துப்போய். வெயில்தானே?

"உக்காந்துட்டியே மாப்ள"ன்னேன்.

"ஒரு நிமிஷம்தான் மச்சான். இதைக் கணக்குல எடுக்காதீங்க மச்சான்"ன்னான்.

அந்தப் பொம்பளை, "தண்ணி குடிக்கட்டும் சாமி, ஆளு சரியில்லை"ன்னா. "அப்புறம் குடிக்கலாம்மா, நீ உன் வேலையைப் பாரு"ன்னேன். அவன் சொம்பைக் கையில வாங்கினவன் அப்படியே திருப்பிக் குடுத்துட்டான்.

நான் கோவப்படலை. சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்: "சரி, உக்காந்ததை மன்னிச்சுடுறேன். பத்துத் தோப்புக்கரணம் போடு. போட்டா கணக்குல எடுக்கலை. கல்யாணம் நடக்கும்." தமாஷுக்குத்தான். ஸ்கூல்ல எத்தனை பையனுக்குச் சொல்லியிருப்பேன். அந்தப் பசங்கள்லாம் இன்னைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கான், போலீஸ்ல இருக்கான், கண்டா கையெடுத்துக் கும்பிடுறான்.

எல்லாரும் சிரிச்சாங்க தம்பி. எல்லாரும். 'கல்யாணமா? லக்கேஜுக்கா?'ன்னு நாகரத்தினம்தான் அதிகம் சிரிச்சான். போனை எடுத்து வீடியோ புடிச்சான். இப்பக் கேட்டா, அப்படி ஒரு வீடியோவே இல்லைங்கிறான்.

பையை இறக்கி வச்சுட்டு எந்திரிச்சான். தூணைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சான். நேரா நிக்க முடியாது, பந்தல் உசரம் அவ்வளவுதான், குனிஞ்சு நிக்கிறான். கையை மாத்திக் காதைப் புடிச்சான். நாகரத்தினம் எண்ணுனான். ஒண்ணு. ரெண்டு. மூணு. எல்லாரும் சேந்து எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. அப்பத்தான் சத்தம் கேட்டு ஹேமலதாம்மா ஓடி வந்தாங்க. கொடியில தலை இடிக்க இடிக்க ஓடி வந்தாங்க. "தெய்வு, என்ன இது, போடாதீங்க, நிறுத்துங்க"ன்னாங்க. அவன் அவங்களைப் பாத்தான். பாத்துச் சிரிச்சான். நிறுத்தியிருக்கலாம்ல? நானா அவன் காதைப் புடிச்சிருந்தேன்? நாலு. அஞ்சு. ஆறு. ஏழு.

ஏழுல கீழ போனவன் எந்திரிக்கலை. அப்படியே பக்கவாட்டுல சாஞ்சான். கை இன்னும் காதுலயே இருக்கு. நடிக்கிறான்னுதான் நினைச்சேன். மூணு மீதி இருக்குல்ல. விசிலை ஊதுனேன். ரெண்டு தடவை ஊதுனேன். ஷூ நுனியால லேசாத் தொட்டேன். லேசா. உதைச்சேன்னு ஹேமலதா சொல்லிக்கிட்டுத் திரியுது. உதைக்கிறதுக்கும் தொடுறதுக்கும் வித்தியாசம் பி.டி. மாஸ்டருக்குத் தெரியாதா?

ஆண்டிபட்டி வந்துருச்சு பாருங்க. டீ குடிக்கிறீங்களா? வேணாமா? சரி, எனக்கும் வேணாம்.

அங்க ஒரு குட்டியானை வண்டி நின்னுச்சு, திராட்சைப் பெட்டி ஏத்திக்கிட்டு. அதுல தூக்கிப் போட்டோம். டிரைவர், "பெட்டியை இறக்கிடவா?"ன்னான். இறக்கினா நேரமாகும், நான்தான் வேணாம்னேன். பெட்டிக்கு நடுவுல படுக்க வச்சோம். ஹேமலதாம்மா பின்னாடி ஏறி அவன் தலையை மடியில வச்சுக்கிட்டாங்க. இத்தனை பேருக்கு முன்னாடி. நான் முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்து வழி சொன்னேன். எனக்குத்தானே பாதை தெரியும். கண்ணாடி வழியா ஒருதடவை திரும்பிப் பாத்தேன். அவன் சட்டையில மூணாவது பட்டன் வரைக்கும் கழட்டிவிட்டு, தன் சேலை முந்தானையால நெஞ்சைத் தேச்சுக்கிட்டே வர்றாங்க. ஏதோ பேசிக்கிட்டே வர்றாங்க. பிழை ஏதாவது சொல்லுங்க தெய்வு, ஒரு பிழை சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தாங்கன்னு பின்னாடி நின்னுக்கிட்டு வந்த தோட்டத்து ஆள் சொன்னான். நெஞ்சு வலிக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா?

ஆஸ்பத்திரியில பாத்துட்டு, வழியிலயே போயிட்டார்னாங்க.

நான் நிலைகுலையலை. தலைவன் நிலைகுலைஞ்சா குழு என்ன ஆகும்? நாகரத்தினத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மாஸ்டர், நாளைக்கு ஒயின் ஆலையில பதிவு பண்ணியிருக்கே, என்ன செய்யிறது?"ன்னு கேட்டான். நான்தான் சொன்னேன், "நீங்க நடந்து முடிச்சுட்டு வாங்க, ஒழுங்கு முக்கியம்"ன்னு. முடிச்சுட்டுத்தான் வந்தாங்க தம்பி. அத்தனை பேரும். கையில கண்ணாடி டம்ளரை வச்சுக்கிட்டு, பின்னாடி பீப்பாய் அடுக்கியிருக்க, போட்டோ எடுத்துக் குழுவுல போட்டாங்க. சாயங்காலம் அதையும் எடுத்துட்டாங்க. நான் பாத்துட்டேன். அன்னைக்கு ஆலைக்குப் போகாதது நானும் ஹேமலதாம்மாவும் மட்டும்தான். இதை யாரும் சொல்ல மாட்டான்.

லீலாவதிக்கு நான்தான் போன் பண்ணேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. "உன் தம்பி வழியில உக்காந்துட்டான்"ன்னேன். உடனே, "அய்யோ, தண்ணி குடுங்க. தண்ணி குடுத்தீங்களா அவனுக்கு?"ன்னா. அப்புறம்தான் மெதுவா விஷயத்தைச் சொன்னேன். அவ அதைக் கேட்ட மாதிரியே தெரியலை. திரும்பவும், "தண்ணி குடுத்தீங்களா?"ன்னா. கடைசியா அவ என்கிட்ட பேசுனது அதுதான்.

அதுக்கப்புறம் பேச்சு இல்லை. ஒரு வருஷம். சமைப்பா, தட்டுல போட்டு மேஜையில வச்சுட்டு மாடிக்குப் போயிருவா. அவன் ரூம்லதான் படுக்கை. முட்டிவலிக்காரி, பதினெட்டுப் படி ஏறி ஏறி இறங்குறா. "கீழ படுடி"ன்னேன், கேக்கலை. மாத்திரை தீந்து போச்சுன்னு சொன்னா வாங்கி வைக்க ஆளில்லை. மோட்டார் போட்டு மறந்து, தண்ணி வழிஞ்சு, பக்கத்து வீட்டுக்காரன் வந்து சண்டை. ஒரு மனுஷன் வீட்டுல இல்லைன்னா எத்தனை சிரமம் பாருங்க. அவன் போனதுல யாருக்கு நஷ்டம் அதிகம்னு நினைக்கிறீங்க? எனக்குத்தான்.

குழுவை விட்டு எடுத்தது ஆனி மாசம். மூணு மாசம் சும்மா இருந்துட்டு எடுத்தாங்க. ஹேமலதா ஏதோ எழுதிப் போட்டுச்சாம். அன்னைக்கு யார் யார் சிரிச்சீங்கன்னு பேர் பேரா எழுதிச்சாம். அதைப் படிச்சுட்டு மிச்சம் இருபது பேரும் கூடிப் பேசி, என்னை ஒருத்தனை எடுத்துட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஹேமலதா அன்னைக்கே தானா வெளிய போயிருச்சு. அது வேற விஷயம்.

நான் விடுவேனா? ஆதாரம் இல்லாம பேசுறவன் இல்லை நான். போன மாசம் கம்பத்துக்கு வந்தேன். அந்தத் தோட்டத்துக்கே போனேன். வீராயி இருந்தா, கத்தரிக்கோலும் கையுமா. "அன்னைக்கு என்ன நடந்துச்சு, உள்ளதைச் சொல்லும்மா"ன்னேன். பழம் வெட்டிக்கிட்டே இருந்தா. நான் போகாம நின்னுக்கிட்டே இருந்தேன், ஒரு மணி நேரம். அப்புறம் சொன்னா. நாங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அவகிட்ட அவன் சொல்லியிருக்கான்: "நெஞ்சுக்குள்ள யாரோ காலை வச்சு மிதிக்கிற மாதிரி இருக்கும்மா. எங்க மச்சான் வந்தா சொல்லிராதீங்க. சொன்னா கல்யாணம் நின்னு போயிரும்."

பாத்தீங்களா தம்பி? மறைச்சிருக்கான்! நெஞ்சு வலிக்குதுன்னு எவளோ ஒருத்திகிட்ட சொல்லியிருக்கான், என்கிட்ட சொல்லலை. நான் பக்கத்துலயே நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேனா? அப்பத் தப்பு யார் மேல?

அங்கயே ஒரு பேப்பர்ல எழுதுனேன். இந்தாங்க, படிச்சுப் பாருங்க. சரி, நானே படிக்கிறேன். 'மேற்படி தெய்வேந்திரன் தனக்கு நெஞ்சுவலி இருப்பதை என்னிடம் மட்டும் தெரிவித்து, தன் அக்காள் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பின்னர் ஏழு தோப்புக்கரணங்களைத் தானாக முன்வந்து, சிரித்த முகத்துடன் போட்டார்.' அந்தக் கல்யாணம்னு சொன்னானே, அந்தக் கடைசி வரியை எழுதலை. அது விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. படிச்சுக் காட்டுனேன். "இதை வச்சு என்ன செய்வீக?"ன்னு கேட்டா. "என்னைத் திரும்பக் குழுவுல சேத்துக்குவாங்கம்மா"ன்னேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. கைநாட்டு வைக்க மை இல்லை. ஒரு பழத்தைப் பிச்சு நசுக்கி, கட்டை விரலைத் தோச்சு வச்சா. பாருங்க, ஊதாக் கலர்ல இருக்கே, அதுதான். வச்சுட்டு, "சீக்கிரம் போயிருங்க சாமி"ன்னா. முதலாளிக்குப் பயம் போல.

இருபத்திரெண்டு காப்பி எடுத்திருக்கேன். நாளைக்குக் காலையில உத்தமபாளையத்துல நடை ஆரம்பிக்குது, நாகரத்தினம் தலைமையில. அங்க நின்னு ஆளுக்கு ஒண்ணு குடுக்கப் போறேன். படிக்கட்டும். உங்களுக்கும் ஒண்ணு வேணுமா? வச்சுக்கங்க, பரவாயில்லை.

ஆனா முதல்ல லீலாவதிகிட்டதான் குடுத்தேன். அதுதானே முறை. போன வாரம் அவனுக்கு வருஷத் தெவசம். ஐயர் வந்து பண்ணிட்டுப் போனப்புறம், அவ தம்பி படத்துக்கு முன்னாடி உக்காந்திருந்தா. பேப்பரை நீட்டுனேன். "படி, உன் தம்பி என்ன பண்ணியிருக்கான்னு படி"ன்னேன். வாங்கிப் படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. மடிச்சா. எந்திரிச்சு நின்னா.

அப்பப் பேசுனா தம்பி! ஒரு வருஷத்துக்கு அப்புறம்! "எத்தனை போடச் சொன்னீங்க?"ன்னா.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "பத்து"ன்னேன்.

"என் கண்ணு முன்னாடி போடுங்க. பாக்குறேன்"ன்னா.

இதுல என்ன இருக்கு? அறுபத்து நாலு வயசு எனக்கு. தினம் நூறு தண்டால் எடுக்குறவன். அவளுக்கும் புரியட்டும், பத்துத் தோப்புக்கரணம்ங்கிறது ஒரு மனுஷனைக் கொல்ற விஷயமே இல்லைன்னு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டேன். காதைப் புடிச்சேன். அவ எண்ணுனா. "ஒண்ணு"ன்னா. குரல் கரகரன்னு இருந்துச்சு, ரொம்ப நாளாப் பேசாத குரல். ரெண்டு. மூணு. என் கண்ணையே பாத்து எண்ணுறா. கல்யாணம் ஆன புதுசுல அப்படிப் பாத்தது. நாலு. அஞ்சு. நல்லாத்தான் எண்ணிக்கிட்டு வந்தா. ஆறு. ஏழு.

ஏழுன்னு சொல்லிட்டு நிறுத்திட்டா. நான் கீழ போய் எந்திரிச்சுட்டேன், அவ எட்டு சொல்லலை. காத்திருந்தேன். சொல்லலை. சரி, மறந்துட்டாப் போலன்னு எட்டுல இருந்து நானே எண்ணிக்கிட்டேன். பத்தோட நிறுத்தலை. இருபது போட்டேன். சத்தமா எண்ணித்தான் போட்டேன், அவ காதுல விழணும்ல. நடுவுல வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டுச்சு. ஹேமலதா குரல் மாதிரி ஒரு குரல். திரும்பலை. எண்ணிக்கை விட்டுப்போகும்னு திரும்பலை.

முடிச்சுட்டு நிமிந்து பாத்தா ஆள் இல்லை. மேல அவன் ரூம் காலியா இருக்கு. படத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இருபது போட்டேன் தம்பி, மூச்சே வாங்கலை. கட்டுன பொண்டாட்டி, கடைசி வரைக்கும் நின்னு பாத்திருக்க வேணாமா?